சாம்பல்தீவில் ஆறு நிமிடங்கள்

சென்ற சனிக்கிழமை காலை 6.10 மணிக்கு, திருகோணமலைக்கு அருகே சாம்பல்தீவில் மாமாவின் தென்னங்காணிக்குப் பின்னால் உள்ள வெளியில், றிமோட்டால் ஓட்டும் என் சிறிய மாதிரி ஹெலிகொப்டர் ஆறு நிமிடங்கள் ஓரிடத்தில் நின்றது. தலையளவு உயரத்தில், இரண்டு மீற்றர் சதுரத்துக்குள், காற்றில் நின்றது. றிமோட்டில் வைத்திருந்த மணி அடித்ததும் இறக்கினேன். சறுக்குக்கால் இரண்டும் ஒன்றாகப் பலகையில் பட்டன. கவிழாமல் தாங்கும் பழக்கக் கால் கட்டாமல், இடையில் ஒரு தடவையும் தரையைத் தொடாமல், ஒரு முழுப் பற்றரியை முடித்தது இதுவே முதல் தடவை. தைப்பொங்கல் முடிந்த கிழமையில் தொடங்கியவன் மே மாத நடுப்பகுதியில் இங்கே வந்து சேர்ந்திருக்கிறேன். இந்த நான்கு மாதத்தில் இரண்டு மாதத்தை ஒரு சிறிய இரும்புத் துண்டு தின்றுவிட்டது. அதையும் சேர்த்து எழுதிவைக்கிறேன். ஊரில் வேறு யாரேனும் தொடங்கினால் அந்த இரண்டு மாதமாவது மிஞ்சட்டும்.

இயந்திரம் புதிதல்ல. கனடாவில் இருக்கும் சித்தப்பாவின் மகன் சில காலம் பாவித்துவிட்டு அலுமாரியில் வைத்திருந்த 450 வகை. பொங்கலுக்கு ஊருக்கு வந்தபோது 45,000 ரூபாவுக்கு எனக்குத் தந்தார். லிதியம் பொலிமர் பற்றரிகளை விமானத்தின் பொதிப்பெட்டியில் போட விடமாட்டார்கள் என்பதால், முனைகளுக்கு டேப் சுற்றி மூன்றையும் கைப்பையில் கொண்டுவந்தார். பிரதான இறக்கை ஒவ்வொன்றும் 325 மில்லிமீற்றர். சுழலும் வட்டம் ஏறத்தாழ 70 சென்டிமீற்றர். பற்றரி 11.1 வோல்ட், 2200 மில்லி அம்பியர் மணி. பறக்கத் தயாரான நிலையில் எங்கள் சமையலறைத் தராசு 790 கிராம் காட்டியது. தலையில் சிறு துடுப்புகளுடன் சமன்கோல் உள்ள பழைய அமைப்பு. இப்போது வருகிறவற்றில் அந்தக் கோல் இல்லை. அதன் வேலையை மின்னணுக் கட்டுப்பாடு செய்துவிடுகிறது. ஆனாலும் தலையில் ஒவ்வொரு தண்டும் எதை அசைக்கிறது என்பதைக் கண்ணால் பார்க்க முடிகிற இந்தப் பழைய அமைப்பில் பழகியதை நான் ஒரு கொடுப்பினையாகவே நினைக்கிறேன்.

அனுமதி விடயத்தை முதலிலேயே முடித்தேன். திருகோணமலை மற்ற ஊர்களைப் போல அல்ல. சீனன்குடாவில் விமானப்படைத் தளம். துறைமுகத்தைச் சுற்றிக் கடற்படை. நகரத்துக்குள் எங்கே எதைப் பறக்கவிட்டாலும் யாரோ ஒருவருக்குப் பதில் சொல்ல வேண்டிவரும். சிவில் விமான சேவைகள் அதிகாரசபையிடம் கேட்டு எழுத்து வேலைகளைச் செய்து, பொலிசுக்கும் கிராம சேவையாளருக்கும் தெரிவித்துவிட்டுத்தான் மாமாவின் காணிக்குப் போனேன். இராணுவம் இருக்கும் பிரெட்ரிக் கோட்டைப் பக்கம் இதைக் கையில் எடுத்துக்கொண்டுகூடப் போவதில்லை என்று எனக்கு நானே ஒரு கட்டுப்பாடு வைத்துக்கொண்டேன்.

அதற்கு முன் கணினியில் சிமுலேட்டர் வைத்து 25 மணித்தியாலம் பழகினேன். அது வீண்போகவில்லை. இடது குச்சி உயரத்துக்கும் வாலுக்கும், வலது குச்சி வட்டத்தைச் சாய்ப்பதற்கும் என்பதை விரல் யோசிக்காமல் செய்யும் நிலைக்கு அதுதான் கொண்டுவந்தது. ஆனால் சிமுலேட்டரில் இருக்கும் ஹெலிகொப்டருக்கு எப்போதும் எல்லாத் திருகாணியும் இறுகியிருக்கும்.

முதல் நாள் முதல் நிமிடத்திலேயே விழுந்தது. பற்றரியைச் செருகி, ஐந்து மீற்றர் பின்னால் போய், மெல்ல வேகம் கூட்டினேன். கால் தரையை விட்டு எழும்பும் தறுவாயில் முழு இயந்திரமும் பம்பரம் போலச் சுற்றத் தொடங்கிச் சாய்ந்து, இறக்கை நிலத்தில் அடித்தது. காரணம் ஜைரோ தலைகீழாக இருந்தது. வால் ஒரு பக்கம் ஓடினால் அதைத் தடுக்க வேண்டிய ஜைரோ, அதே பக்கம் இன்னும் தள்ளிவிட்டது. பயணத்துக்காகக் கழற்றிப் பூட்டியபோது அதன் திசைமாற்றும் சிறு பொத்தான் இடம் மாறியிருக்க வேண்டும். நான் பார்க்கவில்லை.

இப்போது ஒவ்வொரு காலையும் செய்யும் சோதனை இது. பிரதான மோட்டாரின் வயர்களைக் கழற்றிவிட்டுப் பற்றரியைச் செருகுவேன். றிமோட்டில் வால் குச்சியை வலப்பக்கம் தள்ளி, வாலின் தண்டை அசைக்கும் சிறு மோட்டாரான சேர்வோவின் கை எந்தப் பக்கம் போகிறது என்று பார்ப்பேன். பிறகு ஹெலிகொப்டரைக் கையில் தூக்கி மூக்கை வெடுக்கென்று இடப்பக்கம் திருப்புவேன். சேர்வோ முன்பு போன அதே பக்கம் போக வேண்டும். எதிர்ப்பக்கம் போனால் பறக்கக் கூடாது. பத்து வினாடி வேலை.

அந்த விழுகையில் மர இறக்கைச் சோடி உடைந்தது, பிரதான பற்சக்கரத்தில் ஏழு பற்கள் உதிர்ந்தன, சமன்கோல் வளைந்தது. மூன்றையும் மாற்றினேன். இறக்கைகளைத் தாங்கித் தலைக்குள் குறுக்காக ஓடும் ஊடச்சு ஒன்று இருக்கிறது. அதைக் கழற்றிப் பார்க்கவில்லை. வெளியில் இருந்து பார்க்க நேராகத்தான் இருந்தது. அந்த இரண்டு மாதம் தொடங்கியது இந்த இடத்தில்.

பற்சக்கரத்தை மாற்றும்போது ஒன்று கற்றேன். மோட்டாரில் உள்ள சிறு பற்சக்கரமான பினியனும் பெரிய பற்சக்கரமும் எவ்வளவு நெருங்கியிருக்க வேண்டும் என்பதற்கு, இரண்டுக்கும் இடையில் ஒரு தாள்கீற்றை வைத்து நெருக்கி மோட்டாரை இறுக்கிவிட்டு, தாளைச் சுற்றி வெளியே எடுக்க வேண்டும். நான் முதலில் வைத்தது அழைப்பிதழ் மட்டை. இடைவெளி கூடிவிட்டது, இரண்டாவது பற்றரியிலேயே பற்கள் மழுங்கின. பிறகு பாடசாலைக் கொப்பியின் ஒற்றைத் தாளை வைத்தேன். அந்தப் பற்சக்கரம் அதன் பிறகு நடந்த ஒரு பெரிய விழுகை வரை நன்றாக ஓடியது.

அடுத்தது பழக்கக் கால். தொடங்குபவர்கள் சறுக்குக்காலுக்குக் கீழே குறுக்காக இரண்டு நீளத் தடிகளைக் கட்டி, நுனிகளில் பந்து வைப்பார்கள். பக்கமாகச் சாய்ந்து இறங்கினாலும் கவிழாது. நான் முதலில் மூங்கிலைப் பிளந்து செய்தேன். மொத்தம் 210 கிராம். கால்வாசி எடை அதிலேயே ஏறிவிட, மூன்று நிமிடத்தில் மோட்டார் கைவைக்க முடியாத சூடு. மீன்பிடிச் சாமான் விற்கும் கடையில் கார்பன் தூண்டில் தடியின் உடைந்த மேல்துண்டுகள் கிடைத்தன. கடைக்காரர் நான்கையும் சேர்த்து 400 ரூபா வாங்கினார். வலைக்குக் கட்டும் மென்மையான சிறு மிதவைகளும் அங்கேயே இருந்தன. நடுவில் ஏற்கெனவே துளை இருப்பதால் தடியின் நுனியில் நேராகச் செருகிப் பசை வைத்தேன். தடி ஒவ்வொன்றும் 75 சென்டிமீற்றர். நடுவில் சைக்கிள் டியூப் துண்டு வைத்து பிளாஸ்டிக் பட்டியால் சறுக்குக்காலில் கட்டினேன். எல்லாம் சேர்த்து 84 கிராம். இதைவிட நல்ல பழக்கக் காலைக் காசு கொடுத்து வெளிநாட்டிலிருந்து எடுப்பிக்கத் தேவையில்லை என்று உறுதியாகச் சொல்வேன்.

இடையில் ஒரு ஞாயிறு நிலாவெளிக் கடற்கரைக்கு எடுத்துப்போனேன். விழுந்தால் மணல்தானே, மெத்தைபோல் இருக்கும் என்ற கணக்கு. விழவில்லை, ஆனால் அதைவிட மோசமானது நடந்தது. இறக்கை கிளப்பிய மணல் எல்லா மூட்டுகளுக்குள்ளும் புகுந்தது. அந்தக் கரையில் ஆங்காங்கே கரிய கோடாக ஒரு மணல் படிந்திருக்கும். வடக்கே புல்மோட்டையில் கனிய மணல் அகழ்வது ஊரறிந்தது. இதுவும் அந்த வகைதான் என்று நினைக்கிறேன். மோட்டாரின் காந்தங்களில் அது மயிர்போல ஒட்டிக்கொண்டது. ஊதினால் போகாது, துடைத்தால் நகரும், விழாது. மோட்டாரைக் கழற்றி, டேப்பின் பசைப்பக்கத்தை வைத்து ஒற்றி ஒற்றி எடுக்க ஒரு மாலை முழுவதும் போயிற்று. உப்புக்காற்று பட்ட பேரிங்குகளில் இரண்டு, பத்து நாளில் கரகரத்தன. மண்ணெண்ணெயில் கழுவித் தையல் இயந்திர எண்ணெய் விட்டுப் பார்த்தேன். ஒன்று பிழைத்தது, ஒன்றை மாற்றினேன். அதன் பிறகு கரைப்பக்கம் போகவில்லை. மாமாவின் வெளியிலும் புல் மிதவைகளைப் பிடித்து இழுத்ததால், எட்டடிக்கு நான்கடிப் பலகை ஒன்றைப் போட்டு அதிலிருந்தே எழும்பி அதிலேயே இறங்குகிறேன்.

பெப்ரவரி முழுவதும் நான் செய்த பெரிய பிழை உயரத்தில்தான். விழுந்தால் சேதம் குறையட்டும் என்று முழங்காலளவு, நாற்பது நாற்பத்தைந்து சென்டிமீற்றரில், வைத்திருக்கப் பார்த்தேன். அங்கே அது நிற்கவே நிற்காது. முன்னே வழுக்கும், இழுத்தால் பின்னே பாயும், அதைத் திருத்துவதற்குள் பக்கவாட்டில் போகும். சுழலும் வட்டத்தின் விட்டத்துக்கும் குறைவான உயரத்தில், தான் கீழே தள்ளிய காற்றே தரையில் பட்டுக் கிளம்பி இயந்திரத்தை அலைக்கழிக்கிறது. ஒரு நாள் பதற்றத்தில் குச்சியைக் கூடுதலாகத் தள்ளி ஒன்றரை மீற்றருக்கு ஏறிவிட்டது. அங்கே போனதும் ஒரு அமைதி. வழுக்கல் பாதியாகக் குறைந்தது. பயந்து இறக்கிவிட்டேன், பிறகு பலகையில் உட்கார்ந்து யோசித்தபோதுதான் விளங்கியது. மறுநாளிலிருந்து பலகையில் தயங்காமல் ஒரே மூச்சில் ஒரு மீற்றருக்கு மேலே ஏற்றினேன். பாதி எடையோடு தரையை உரசிக்கொண்டு நிற்கும் கணம்தான் கவிழும் கணம்.

இடப்பக்கம் நகர்வதும் அப்படியொரு பாடம். என் இயந்திரத்தின் இறக்கைகள் மேலிருந்து பார்த்தால் கடிகாரத் திசையில் சுற்றுகின்றன. அதனால் உடல் திரும்பாமல் இருக்க வால் விசிறி எப்போதும் இடப்பக்கம் தள்ளிக்கொண்டிருக்கும். முழு இயந்திரமும் அந்தப் பக்கம் நகரப் பார்க்கும். சரியாக நிற்கும் ஹெலிகொப்டர் சற்று வலப்பக்கம் சாய்ந்துதான் நிற்கும். நானோ அது கண்ணுக்கு நேராகத் தெரிய வேண்டும் என்று இரண்டு கிழமை திருத்திக்கொண்டிருந்தேன். சாய்வை ஏற்றுக்கொண்ட நாளில் நகர்வு நின்றது.

உயரமும் சாய்வும் சரியான பிறகும் ஏதோ ஒன்று தவறாகவே இருந்தது. வால் அடிக்கடி துடித்தது. நேற்றுப் பிடித்த இடத்தில் இன்று நிற்காது. திருகாணிகள் தளர்ந்தன, ஒரு தடவை வால் கட்டுப்பாட்டுத் தண்டின் பந்து மூட்டு கழன்று, விழுந்து, வளைந்து தாழ்ந்த இறக்கை வால்குழாயையே வெட்டிவிட்டது. குழாய், இறக்கை, பற்சக்கரம் என்று 9,600 ரூபா. என் கைதான் பழகவில்லை என்று நினைத்து மீண்டும் சிமுலேட்டரில் பத்து மணித்தியாலம் இருந்தேன். ஜைரோவின் உணர்திறனைக் குறைத்தேன், கூட்டினேன். இறக்கைகள் ஒரே தளத்தில் சுற்றுகின்றனவா என்று பார்க்க, ஒன்றின் நுனியில் சிவப்பு டேப் ஒட்டி, தென்னைமரத்துக்குப் பின்னால் மறைந்து நின்று கண்மட்டத்தில் பார்த்தேன். சிவப்பு நுனி மற்றதைவிட ஒரு சென்டிமீற்றர் மேலே ஓடியது. அதன் இணைப்புத் தண்டை ஒரு சுற்றுச் சுற்றினேன், இரண்டும் சேர்ந்தன. வேகத்தைச் சற்று மாற்றினால் மீண்டும் பிரிந்தன.

மாமா முப்பது வருடம் மீன்பிடிப் படகுகளின் எஞ்சின் திருத்தியவர். தேநீர்க் கோப்பையோடு வேலியடியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

“தம்பி, சத்தம் சரியில்லை. உன் கையில் பிழையில்லை. சுற்றுகிற ஏதோ ஒன்று நேராக இல்லை,” என்றார்.

“எல்லாம் பார்த்துவிட்டேன் மாமா.”

“கழற்றிப் பார்த்தாயா, வெளியில் இருந்து பார்த்தாயா?”

அன்று பின்னேரம் தலையை முழுவதும் கழற்றினேன். ஊடச்சு கையில் வந்தது. ஏறத்தாழ விரல் நீளம், தீக்குச்சியைவிடச் சற்றுத் தடிப்பு. கண்ணுக்கு நேர். மாமா வீட்டுக்குள் போய் மாமியின் முகம்பார்க்கும் கண்ணாடியைச் சுவரிலிருந்து கழற்றிக்கொண்டு வந்து மேசையில் படுக்கவைத்தார். ஊடச்சை அதன்மேல் வைத்து ஒரு விரலால் மெல்ல உருட்டச் சொன்னார். மேசைவிளக்கை அந்தப் பக்கம் வைத்து, கன்னம் மேசையில் படக் குனிந்து பார்த்தேன். அச்சும் கண்ணாடியில் அதன் நிழலுருவும் ஒட்டிக்கொண்டு ஒரே கோடாகத் தெரிந்தன. கால்வாசி உருண்டதும் நடுவில் ஒரு வெளிச்சக் கீற்று திறந்தது, தலைமயிர் அளவு. இன்னும் உருட்டினேன், மூடியது. மீண்டும் திறந்தது. ஒவ்வொரு சுற்றிலும் ஒரு கண் திறந்து மூடுவதைப் போல இருந்தது. நான் எதையும் சொல்லாமல் ஐந்தாறு தடவை உருட்டிக்கொண்டே இருந்தேன். முதல் நாள், முதல் நிமிடத்தில் வளைந்தது அது.

லேத் பட்டறையில் நிமிர்த்தித் தர முடியுமா என்று கேட்டேன். பட்டறைக்காரர் பார்த்துவிட்டு, இவ்வளவு மெல்லிய அச்சை நிமிர்த்தினாலும் நிற்காது, புதிதாகப் போடுங்கள் என்று நேர்மையாகச் சொல்லி அனுப்பினார். இரண்டு அச்சு கொண்ட பொதி 850 ரூபா, தபாலோடு 2,100. வந்துசேர 19 நாள். அந்த இடைவெளியில் தலையின் மற்ற அளவுகளையும் சரிபார்த்தேன். கோணமானி வைத்துப் பார்த்தால், குச்சி நடுவில் இருக்கும்போது இறக்கையின் கோணம் 8 பாகை. அதனால்தான் குறைந்த வேகத்திலேயே எழும்பி, குழைவாக மிதந்தது. அதை 5.5 பாகைக்குக் குறைத்து, சுழல்வேகத்தைக் கூட்டினேன். உலோகத்தில் உலோகம் ஏறும் திருகாணி அனைத்தையும் ஸ்பிரிட்டில் துடைத்து, நீலநிறத் திருகுப்பசை ஒரு சொட்டு வைத்துப் பூட்டினேன்.

புதிய ஊடச்சு போட்டு முதல் தடவை சுற்றவிட்டபோது சத்தமே மாறியிருந்தது. முன்பு அதிர்வோடு கலந்த ஒரு முறுமுறுப்பு; இப்போது துணி கிழிவதைப் போன்ற ஒரே சீரான ஓசை. சிவப்பு நுனியும் வெள்ளை நுனியும் எந்த வேகத்திலும் பிரியவில்லை. ஜைரோவை நான் தொடவே இல்லை. வால் தானாக அடங்கியது. ஏப்ரல் மூன்றாம் கிழமையில் பழக்கக் காலோடு இரண்டு நிமிடம், மாத முடிவில் நான்கு. எண்ணிக்கை அதன் பிறகு வேகமாக ஏறியது. அதற்கு உதவிய இன்னொரு சிறிய மாற்றம், வாலைப் பார்ப்பதை விட்டு மூக்கைப் பார்த்து ஓட்டியது. பின்னால் நிற்கும்போது வால்தான் கண்ணுக்கு அருகில் இருக்கும். ஆனால் வால் இடப்பக்கம் போனால் மூக்கு வலப்பக்கம் போகிறது என்பதால் கை குழம்பும்.

நேரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். இங்கே விடியற்காலையில் காற்று தரையிலிருந்து கடலுக்கு, மேற்கிலிருந்து மெல்ல வரும். ஹெலிகொப்டரின் மூக்கைக் காற்றுக்கு எதிரே வைத்து அதன் பின்னால் நின்றால் நானும் மேற்கைத்தான் பார்க்கிறேன். எழும் சூரியன் என் முதுகில் இருக்கிறது, கண் கூசாது. 6 மணிக்கும் 7.15 மணிக்கும் இடையில் மூன்று பற்றரிகளை முடித்துவிடலாம். ஒன்பது மணிக்குமேல் கடற்காற்று தொடங்கினால் பழகுபவனுக்கு அங்கே வேலையில்லை. இனித் தென்மேற்கிலிருந்து வரும் கச்சான் காற்று வலுக்கும். காலை நேரமும் எல்லா நாளும் கிடைக்காது.

பற்றரியில் ஒன்றை இழந்தேன். மழை வந்த ஒரு கிழமை, முழுவதும் ஏற்றிய பற்றரியை அப்படியே தகரக்கூரை அறையில் வைத்திருந்தேன், வயிறு ஊதிவிட்டது. அதன்மேல் கைவைக்காமல் உப்புநீரில் போட்டுத் தோட்டத்து மூலையில் ஒதுக்கினேன். இப்போது பறக்காவிட்டால், காரின் 12 வோல்ட் 55 வாட் முன்விளக்கு பல்பை மாட்டிப் பதினைந்து நிமிடம்போல எரியவிட்டு, பற்றரிக்குள் இருக்கும் கலம் (செல்) ஒன்றுக்கு 3.8 வோல்ட்டில் நிறுத்தி, மணல் போட்ட மண்பானைக்குள் வைக்கிறேன். பானை சமையலறைக்கு வெளியே, சீமெந்துத் திண்ணையில். பல்பு எரியும்போது பக்கத்தை விட்டு நகர்வதில்லை. சென்ற சனிக்கிழமை ஆறு நிமிடத்துக்குப் பிறகு கலம் ஒன்றுக்கு 3.74 வோல்ட் இருந்தது. மீண்டும் ஏற்றியபோது 1,580 மில்லி அம்பியர் மணி போனது. அதற்குமேல் நேரத்தை நீட்டுவதில்லை.

இயந்திரத்தைத் தவிர இதுவரை 31,400 ரூபா போயிருக்கிறது. அதில் பாதிக்குமேல் அந்த ஊடச்சு வளைந்திருந்த காலத்தில் விழுந்து உடைந்தவை. மீண்டும் தொடங்குவதாக இருந்தால், இறக்கை தரையில் பட்ட ஒவ்வொரு தடவையும், எவ்வளவு சிறிதாகப் பட்டாலும், ஊடச்சையும் பிரதான தண்டையும் கழற்றிக் கண்ணாடியில் உருட்டாமல் அடுத்த பற்றரியைச் செருகமாட்டேன். இறக்கை இரண்டு சோடி, பற்சக்கரம் இரண்டு, ஊடச்சு ஒரு பொதி ஆகியவற்றை முதல் நாளுக்கு முன்பே வாங்கி வைத்திருப்பேன். பழக்கக் காலை மூங்கிலில் செய்யமாட்டேன்.

மாமியின் கண்ணாடி இன்னும் என் மேசையில்தான் இருக்கிறது. அவருக்குப் புதிதாக ஒன்று வாங்கிக் கொடுத்துவிட்டேன். வரும் சனிக்கிழமை மூக்கை 45 பாகை வலப்பக்கம் திருப்பி நிறுத்திப் பார்க்கப்போகிறேன். அதற்காகப் பழக்கக் காலை மீண்டும் கட்டியிருக்கிறேன். ஒரு மிதவையின் பசை விட்டிருந்தது, நேற்று இரவு ஒட்டிக் காயவைத்தேன்.